மர முயல்

மலைக்குடில், டிரோல்
ஏப்ரல் 6, 1968

அன்புத் தங்கை ஆஃப்ராவுக்கு,

நீ அனுப்பிய ரொட்டி மூட்டை சாமான் தொட்டியில் ஏறி, கம்பி வழியே நலமாக வந்து சேர்ந்தது. பதினெட்டில் இரண்டு குறைகிறது. தொட்டியிலிருந்து இறக்கியவன் நான்தான் என்பதால் விசாரணை வேண்டாம். இந்த வசந்தத்தில் என் தொப்பை எனக்கு அரை அடி முன்னால் நடக்கிறது.

வம்பு கேள். பல் டாக்டர் மனைவியோடு வந்திருக்கிறார். போன வருடம் வந்த மனைவி அல்ல. உன் வீட்டுக்காரர் நேற்றும் மலையேறப் போய்ப் பாதியில் திரும்பிவிட்டார். பெயர்தான் வழிகாட்டி, காட்டுவதெல்லாம் திரும்பும் வழி! எட்டரைக்கே, "பனி இளகுது, இறங்குங்க" என்று ஆறு விருந்தாளிகளையும் ஓட்டி வந்தார். "என்ன மச்சான், அடுப்புல வச்ச பாலா அது?" என்றேன். கூடமே சிரித்தது. வழக்கப்படி பயந்தாங்கொள்ளிக்கான மர முயலை, கூடத்துச் சுவரில் அவருடைய ‘ரோமெட்’ பெயர்ப்பலகைக்குக் கீழே தொங்கவிட்டேன். அடுத்தவன் எவனாவது பயந்து திரும்பும்வரை அது அவருக்கே.

அண்ணன் காஸியான்


ரொட்டிக்கடை
ஏப்ரல் 9

அன்புள்ள அண்ணா,

இருபது ரொட்டி வைத்திருக்கிறேன், இரண்டு உனக்கு. முயலைக் கழற்றிவிடு. சிரிக்காதே.

அவர் ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தார். கிளம்பும்போது, "இனி அது என் பேருக்குக் கீழ தொங்காது, பாத்துக்க" என்றார். எனக்குப் பயமாக இருக்கிறது. இரவு மேகம் மூடினால் பனி உறையாது, விடியலில் கால் புதைந்தால் யாரும் சரிவுப் பக்கம் போகக் கூடாது, பனி பெயர்ந்து ஆளை மூடிவிடும். இது இந்த ஊர்க் கோழிக்கும் தெரியும். நீ பனிச்சறுக்குக் கட்டையில் ஏறிப் பத்து வருடம் ஆகிறது. போகிறவர் அவர்.

தங்கை ஆஃப்ரா


மலைக்குடில்
ஏப்ரல் 11

அன்புத் தங்கைக்கு,

ஈஸ்டர் கூட்டம் நெரிகிறது. உன் கடிதத்தைச் சாப்பாட்டு வேளையில் எல்லோருக்கும் உரக்கப் படித்தேன். கோழி வரிக்கு விழுந்த கைதட்டல் உனக்குத்தான்! பல் டாக்டர் கொக்கரித்தே காட்டினார். மச்சான் மட்டும் தலை நிமிராமல் மாவுருண்டை போட்ட சூப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். விளையாட்டு என்று சொல்லிவை.

காஸியான்


மலைக்குடில்
ஏப்ரல் 13

ஆஃப்ரா,

அவரைச் சுமந்து வருகிறவர்களிடமே இதையும் கொடுத்தனுப்புகிறேன்.

நேற்று இரவு முழுக்க மேகம். விடியலில் வாசலிலேயே என் கால் முழங்கால்வரை புதைந்தது. அவர் அந்தக் குழியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "என்ன மச்சான், முயலுக்குத் தீனி போடட்டுமா?" என்றேன். ஆமாம், அதைத்தான் சொன்னேன். விருந்தாளிகளிடம், "நீங்க இருங்க, நான் பாத்துட்டு வரேன்" என்று சொல்லிவிட்டுத் தனியாகப் போனார்.

ஒன்பதரைக்குச் சரிவில் பாதிப் பனி பெயர்ந்து விழுந்தது. மண்வெட்டியோடு ஓடினேன். புதைந்தால் அடையாளம் தெரியட்டும் என்று அவர் இடுப்பில் கட்டியிருந்த சிவப்புக் கயிற்றின் நுனி அறுபதடி தள்ளித் தெரிந்தது. ஆனால் மேலே மீதிப் பாதி அப்படியே தொங்கியது, பனி உருண்டைகள் உருள ஆரம்பித்திருந்தன. திரும்பிவிட்டேன். மூன்று மணி நேரம் கழித்து மற்றப் பாதியும் விழுந்தது. அதன் பிறகுதான் எடுக்க முடிந்தது. என் முடிவு சரி என்று மீட்புக் குழுத் தலைவரும் சொன்னார்.

கீழே வர எனக்குத் தைரியம் இல்லை.

காஸியான்


ரொட்டிக்கடை
ஏப்ரல் 17

காஸியானுக்கு,

அடக்கம் முடிந்தது. நீ ஏன் வரவில்லை என்று கேட்டார்கள். பனி சரியில்லை என்றேன்.

நீ திரும்பியது சரிதான். போயிருந்தால் இரண்டு பெட்டி செய்ய வேண்டியிருந்திருக்கும். இதையும் கூடத்தில் உரக்கப் படி.

அவர் தோள்பையில் முயல் இருந்தது. கழற்றி எடுத்துக்கொண்டுதான் போயிருக்கிறார். துடைத்து மூட்டைக்குள் வைத்திருக்கிறேன். உன் பெயருக்குக் கீழே தொங்கவிடு. அடுத்தவன் திரும்பினாலும் மாற்றாதே.

ரொட்டி பதினெட்டு. உனக்கென்று எதுவும் வைக்கவில்லை.

ஆஃப்ரா