தொண்ணூற்றேழு பாகை

இஞ்சாருங்கோ,

போனிலை எண்டால் பாதியிலை கட் பண்ணிப்போடுவியள், அதுதான் எழுதிறன். கட்டாரிலை வேலை முடிஞ்சு வந்து ஆறுதலாய் வாசியுங்கோ.

எங்கடை றொசாந்தி என்ரை விஞ்ஞான வகுப்புக்கு வந்த முதல்நாளே எல்லாப் பிள்ளையளுக்கும் சொன்னனான், செய்முறையிலை கண்டதை எழுதவேணும், புத்தகத்திலை கிடக்கிறதை எழுதினால் புள்ளி இல்லை எண்டு. போன கிழமை தண்ணியைக் கொதிக்கவைச்சு வெப்பநிலை எடுக்கச் சொன்னன். எங்கடை பள்ளிக்கூடத்து வெப்பமானியள் பழசு, தொண்ணூற்றேழிலையே நிண்டுபோகும். எங்கடை மகள் நூறு எண்டு எழுதியிருந்தாள். வேறை சிலரும் அப்படித்தான். எல்லாருக்கும் புள்ளி வெட்டினன், அவளுக்கும் வெட்டினன்.

அதைக் கேட்டுத்தான் "சொந்தப் பிள்ளைக்குமோ?" எண்டு சத்தம் போட்டனீங்கள். அதுக்குப் பிறகு நீங்கள் போன் எடுக்கேல்லை.

நேற்று நான் மீன் கழுவேக்கை பக்கத்திலை வந்து நிண்டாள்.

"அம்மா, நானும் தொண்ணூற்றேழு எண்டுதான் பார்த்தனான்."

"பிறகேன் பிள்ளை நூறு எழுதினனி?"

"பிழைச்சுப் புள்ளி குறைஞ்சால் அப்பா என்னோடை கதைக்கமாட்டார்."



புள்ளியை மாத்தேல்லை, மாத்தவும் மாட்டன். வெட்டுப்பட்ட எல்லாரையும் திங்கட்கிழமை திரும்பச் செய்யவிடப்போறன். அவள் இந்தமுறை கண்டதை எழுதவேணும். அதுக்கு நான் மட்டும் காணாது, நீங்களும் வேணும்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிஞ்சு வீட்டிலைதான் நிப்பம். போன் எடுத்து அவளோடை கதையுங்கோ. புள்ளியைப் பற்றிக் கேக்கவேண்டாம். சாப்பிட்டனியோ எண்டு கேளுங்கோ, அதுவே காணும்.

இப்படிக்கு,
உங்கடை மகளின்ரை அம்மாவும் ரீச்சரும்