கிளாஸ்கோ டப்பாவில் சோலோ தேயிலை

என் அன்பு மகள் தமாண்டனிக்கு, அம்மா ஆசிகளுடன் எழுதுவது. அதாவது அம்மா சொல்லச் சொல்ல உன் தங்கை யாமி எழுதுவது. நாள் முழுக்க மைக்ரோஸ்கோப்பில் பார்த்த கண்ணுக்கு மாலையில் பேனா முனை தெரிவதில்லை. (சம்பளம் கிடையாதாம் – யாமி.) இங்கே நம் ஊர் சோம்பாவில் நாங்கள் நலம், மழை நலம், முட்டையே இடாத அந்தச் சிவப்புக் கோழியும் மகா நலம். அங்கே கிளாஸ்கோ குளிரில் காதை மூடிக்கொண்டுதானே வேலைக்குப் போகிறாய்?

பெரிய சேதி, உன் அத்தை ஃபாலெஸ் தப்பித்துவிட்டாள். பதறாதே, வரிசையாகச் சொல்கிறேன். போன மாதம் அத்தை தன் தேவாலய மாதர் சங்கத்துப் பெண்களை வெள்ளைச் சட்டையில், பாட்டோடு, எங்கள் ஆஸ்பத்திரிக்கு ஊர்வலமாகக் கூட்டிவந்து கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை எடுக்கவைத்தாள், தானும் எடுத்துக்கொண்டாள். அந்த ஸ்லைடுகளை முதலில் பார்த்தவர் என்னோடு வேலை செய்யும் கமாங்கா. சந்தேகமான செல் தெரிந்தால் பக்கத்தில் மையால் புள்ளி வைப்பது எங்கள் வழக்கம். ஒன்றிலும் புள்ளி இல்லை. அடுத்துப் பார்த்தவள் நான். மேலே சங்கத்தின் பெயர், கீழே கமாங்காவின் 'நார்மல்', என் கண்ணும் வழுக்கிக்கொண்டே போய்விட்டது. முடிவுகளை அனுப்புவதுதான் பாக்கி.

அந்த ஞாயிறு கமாங்கா வீட்டுக்கு வந்தார். நீ அனுப்பிய கிளாஸ்கோ டீ டப்பா காலியானதும், அதில் இந்தக் கழுதை (கழுதை அல்ல, கலைஞர் – யாமி) நாம் தினமும் குடிக்கும் உள்ளூர் சோலோ தோட்டத்துத் தேயிலையைக் கொட்டி வைத்திருந்தாள். கமாங்கா டப்பாவைப் பார்த்தார், ஒரு வாய் குடித்தார், கண்ணை மூடினார். “ஆகா, இதுல்ல டீ! நாம இங்க குடிக்கிறது வெறும் வெந்நீர்தான்க்கா” என்றார். யாமி சிரித்துச் சிரித்துத் தரையில் உருண்டாள். நானும் சிரித்தேன், பாதியில் சிரிப்பு நின்றுபோனது. டப்பாவைப் பார்த்து டீயைச் சொல்கிற மனுஷன் வெள்ளைச் சட்டையைப் பார்த்து ஸ்லைடைச் சொல்லியிருந்தால்? நானும் அவர் கையெழுத்தைப் பார்த்துத்தானே சொன்னேன்?

திங்கட்கிழமை டாக்டரிடம் சொல்லிவிட்டு, சங்கத்து ஸ்லைடுகளை வார்டு நோயாளிகளின் ஸ்லைடுகளோடு கலந்து, வார்டு ஸ்லைடுகளில் இருந்த பழைய புள்ளிகளைத் துடைத்து, பெயர்களின்மேல் காகிதம் ஒட்டினேன். “என்னக்கா, பாஸ்டர் பொண்டாட்டி இருக்கிற சங்கத்தையே சந்தேகப்படுறீங்களா?” என்று கமாங்கா கேலி செய்தார். “டப்பா இல்லாம டீ குடிச்சுப் பாருங்க, அப்புறம் பேசலாம்” என்றேன். அவரும் முதலிலிருந்து பார்க்க உட்கார்ந்தார், ஒரு ஸ்லைடில் அவர் கேலி அடங்கியது. பெயர்களை மூடியபின் அவருக்கு முன்பே நான் தனியாகப் பார்த்து மனதில் வைத்திருந்த அதே ஸ்லைடு. மூன்று இடத்தில் புள்ளி வைத்தார். காகிதத்தை உரித்தால் ஃபாலெஸ்! “இதையா போன வாரம் பாத்தேன்? இம்புட்டுப் பெருசா இருக்கே!” என்று தலையில் கை வைத்துக்கொண்டார். மற்றப் பெண்கள் நிஜமாகவே சுகம்.

அத்தையை உடனே பிளாண்டயர் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனோம். புற்றாக மாறுமுன்பே அந்த இடத்தை வெட்டி எடுத்துவிட்டார்கள், வெட்டிய துண்டின் ஓரமெல்லாம் சுத்தம் என்று போன வாரம் முடிவும் வந்தது, ஜெயித்துவிட்டோம் மகளே! அத்தை ஆஸ்பத்திரி வாசலிலேயே ஆடினாள். கமாங்காவைப் பிடித்து, “ஏம்ப்பா, நல்லாப் பாடுறவளுக்கு உள்ளார ஒரு கோளாறும் வராதுன்னு எவன் சொன்னான்?” என்று கேட்டாளே ஒரு கேள்வி. அவரும் விடவில்லை, “உங்க சட்டை அம்புட்டு வெள்ளை அக்கா, கண்ணு கூசிடுச்சு” என்றார். உடனே அவள் தன் பழைய சங்கச் சட்டையை வெட்டி, பெயரை மறைக்கக் குட்டிக் குட்டி உறை தைத்துக் கொடுத்துவிட்டாள். இப்போது எங்கள் லேபில் எல்லா ஸ்லைடும் வெள்ளைச் சட்டைதான் போட்டிருக்கிறது, யார் சங்கம் யார் வார்டு என்று ஒருவருக்கும் தெரியாது.

மகளே, உனக்கும் பரிசோதனைக்கு நாள் வந்துவிட்டது. நான் நர்ஸ், எனக்கென்ன வரப்போகிறது என்று உன் டப்பாவின் பெயரை மட்டும் படித்து நம்பிவிடாமல் இந்த வாரமே போய்வா. வேளைக்குச் சாப்பிடு, கடவுள் உன் தலைமேல் கை வைத்துக் காக்கட்டும்.

உன்னை நினைத்தபடியே இருக்கும்
அம்மா எஸ்னாத்

(அக்கா, அடுத்த முறை காலி டப்பா மட்டும் அனுப்பு. தேயிலையை நான் பார்த்துக்கொள்கிறேன் – யாமி.)