பின்னறையில் ஒரு கட்டில்

அக்கா,

இன்று காலை சலூனில் உங்கள் மகள் கிண்ணத்தில் தலைச்சாயம் கலக்கிக்கொண்டிருந்தாள். அந்தக் காரமான வாசம் திரையைத் தாண்டி என் அறைக்குள் வந்ததும், எண்ணெய்க் கையோடு அப்படியே நின்றுவிட்டேன். நீங்கள் இல்லாத இரண்டாவது தீபாவளி நெருங்குகிறது.

ஜொகூர் பாருவில் நான் வேலை பார்த்த தொழிற்சாலையை மூடிய பிறகு, மசாஜ் படித்துவிட்டு இடம் தேடி அலைந்தேன். மசாஜ் என்றதும் கடைக்காரர்களின் பார்வையே மாறும். நீங்கள் ஒருவர்தான் "பசியாறிட்டியா?" என்று முதலில் கேட்டீர்கள். பெண்களுக்கான உங்கள் சலூனின் பின்னறையில் கிடந்த பெட்டிகளை இருவரும் சேர்ந்தே அப்புறப்படுத்தினோம். ஒரு கட்டில், ஒரு திரை. கண்ணாடிக் கதவில் 'மசாஜ்' என்று போன் நம்பரோடு நீங்களே எழுதி ஒட்டினீர்கள்.

அதைப் பார்த்துத்தான் அந்த மாதிரி போன்கள் வர ஆரம்பித்தன. ஒரு மத்தியானம் ஓர் ஆள் கேட்ட கேள்வியில் போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டேன். "வேணாம்க்கா, நான் வேற வேலை பாத்துக்கிறேன்" என்று பையை எடுத்தேன். நீங்கள் கத்தரிக்கோலை வைத்துவிட்டுப் போனை வாங்கினீர்கள்.

"தம்பி, இங்க பொம்பளைங்களுக்கு மட்டும்தான் லா. உங்க அம்மாவுக்கு இடுப்பு வலி இருந்தா அனுப்புங்க. நல்லா பாத்துவிடுவோம்."

குரலில் கோபமே இல்லை. நாற்காலியில் இருந்தவர் ஈரத் தலையோடு சிரித்தார். நானும் சிரித்துவிட்டேன். பையை மறுபடி ஆணியில் மாட்டினேன்.

அடுத்த வாரம் ஓர் அம்மா வந்தார். "இடுப்பு வலிக்கு இங்க பாப்பீங்கன்னு என் மகன் சொன்னான்." நாம் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் சிரிப்பை அடக்கியிருக்க முடியாது. அவர் இன்றும் வருகிறார். மகனைப் பற்றிப் பெருமையாகப் பேசுவார். நான் தலையாட்டிக் கேட்டுக்கொள்வேன்.

கடை சாத்தும் முன், நாளெல்லாம் நின்ற உங்கள் கால்களைப் பிடித்துவிடுவேன். "உன் கை பட்டாதான் எனக்குப் பேச்சு நிக்குது" என்பீர்கள். உங்களுக்கு மாரடைப்பு வந்ததற்கு முந்தின நாளும் பிடித்துவிட்டேன். அதற்காவது எனக்குக் கொடுத்துவைத்திருந்தது.

போன மாதம் ரெங்கம் டவுனில் ஒரு கல்யாணம். பந்தியில் பக்கத்திலிருந்த அம்மா, "என்ன வேலை பாக்குறம்மா?" என்றார். "சலூன்ல" என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்வது என் பழைய வழக்கம். அன்று, "மசாஜ் பண்றேன்மா" என்றேன். எதிர் வரிசையில் இரண்டு பேர் நிமிர்ந்து பார்த்தார்கள். என் குரல் இறங்கவில்லை, அக்கா. உங்களிடமிருந்து எடுத்துக்கொண்டது அதுதான்.

அந்த அம்மா கொஞ்சம் யோசித்தார். பிறகு சேலைத் தலைப்பை ஒதுக்கித் தோளை என் பக்கம் திருப்பினார்.

"இங்கதான்மா. ஒரு வருசமா வலிக்குது."

கை கழுவிவிட்டு வந்து தோளைப் பிடித்துப் பார்த்தேன்.