மடங்காத முழங்கால்

மூன்றாம் நம்பர் லயம்,
ஜெராம்.
14-9-1952

அன்புள்ள மகள் புஷ்பவள்ளிக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், சிங்கப்பூரில் உன்னையும் சின்னம்மா வீட்டாரையும் மாரியம்மன் அப்படியே வைத்திருக்கட்டும். உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. தையல் கடையில் லீவு கேட்டுவிட்டேன், மாசக் கடைசியில் ரயில் ஏறுகிறேன் என்று எழுதியிருக்கிறாய். ஏறாதே. ஏன் என்று சொல்கிறேன், முழுக்கப் படி.

உன் புருஷன் காளியண்ணன் உனக்கு எழுதியதில் பாதிக்குமேல் பொய். கம்யூனிஸ்ட்காரர்கள் சுட்டார்கள், சண்டையில் கால் போய்விட்டது என்றானாமே. லோரி ஓட்டிய செல்லன் என்னிடமே சொன்னான், கம்போங் குவாந்தான் போகும் வழியில் டயர் வெடித்ததாம், அவ்வளவுதான். அதைத் துப்பாக்கிச் சத்தம் என்று நினைத்து, ஸ்பெஷல் கான்ஸ்டபிள் உடுப்பு மாட்டிய இந்த வீரன் கையிலிருந்த துப்பாக்கியை லோரியிலேயே போட்டுவிட்டு, ஓடுகிற வண்டியிலிருந்து கால்வாயில் குதித்திருக்கிறான். முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்தது. எந்தக் கால் என்று கேட்டிருந்தாய். வலது கால். உன்னை உதைத்த கால்தான்.

டவுன் ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டு போட்டு வைத்திருந்து, பிரித்து அனுப்பினார்கள். படுத்துக் கிடக்கிறவனை வைத்துப் பார்க்க முடியாது என்று சுங்கை ஆயர் தாவாரில் இருக்கிற அவன் அக்காள் சொல்லிவிட்டாள், எங்களை வேலை வாங்குகிற மண்டோர் கொண்டுவந்து நம் வாசலில் இறக்கினார். கெண்டைக்கால் வற்றி மரவள்ளிக் குச்சி மாதிரி இருந்தது, முழங்கால் மடங்கவே இல்லை. எனக்கு இரக்கம் வந்தது என்று நினைக்காதே. இந்தக் கால் இப்படியே விறைத்துப்போனால் ஆயுசுக்கும் அவனைத் தூக்கி உட்காரவைக்க உன்னைத்தான் கூப்பிடுவார்கள். அதனால்தான் தொட்டேன்.

ஆஸ்பத்திரியில் கால் பயிற்சி சொல்லிக்கொடுக்கும் சிவானந்தம் நான் போய்க் கேட்டபோது செய்து காட்டினார். வெந்நீர் ஒத்தடம் கொடுத்து, கணுக்காலிலிருந்து மேல்நோக்கிக் கட்டைவிரலால் நீவ வேண்டும், முழங்கால் சில்லை இரண்டு பக்கமும் மெதுவாக நகர்த்த வேண்டும். பிறகு குதிகாலைப் பாயில் தேய்த்தபடி அவனே மடக்க வேண்டும், பெஞ்சில் உட்கார்ந்து கணுக்காலில் மணல் பை கட்டி நீட்ட வேண்டும். "நீங்க நீவுறது பாதிதாம்மா, மீதிய அவரு செய்யணும்" என்று கண்டிப்பாகச் சொன்னார். ரப்பர்த் தோட்டத்தில் பால் மரம் வெட்டிவிட்டு வந்து தினமும் நீவினேன். இவன் தன் பங்கில் கால்வாசிகூடச் செய்யவில்லை. பத்துத் தடவை மடக்கு என்றால் மூன்றிலேயே ஐயோ அப்பா. படியில் ஏறி இறங்கச் சொன்னால் தலை சுற்றுகிறதாம், சோற்றுக்கு உட்காரும்போது சுற்றாது. உன் அப்பா ஒரு பக்கம், "பாவம்லா, மாப்பிள்ளைய அழவைக்காதே" என்பார். அவரை வெளியே போகச் சொல்லிவிட்டு மடக்கினேன். ஒரு நாள் உண்மையிலேயே வலித்திருக்க வேண்டும், சத்தம் போடாமல் கண்ணீர் விட்டான். அன்றைக்கு மட்டும் நிறுத்தினேன்.

மூன்று மாசமாகியும் பாதிக்குமேல் மடங்கவில்லை என்று ஊன்றுகோலோடு திரிந்தான். உன் கடிதம் வந்த மறுநாள், உனக்குப் பதில் எழுதலாம் என்று மண்டோரிடம் சொல்லிக்கொண்டு சீக்கிரம் வந்தேன். லயத்து வீட்டு வரிசைக்குப் பின்னால் முள்வேலி ஓரம் வேலைக்குப் போகாத சோம்பேறிகள் நாலு பேர் சேவல் சண்டை விட்டுக்கொண்டிருந்தார்கள். நடுவில் உன் புருஷன், குதிகால் இரண்டும் தரையில் பதிய நன்றாகக் குந்தி உட்கார்ந்திருந்தான். சேவல் எகிறியபோது இவனும் எகிறினான். என்னைப் பார்த்ததும்தான் ஊன்றுகோலைத் தேடினான்.

வீட்டுக்குள் வரச்சொல்லி, எத்தனை நாளா மடங்குது என்று கேட்டேன். "ஒரு மாசமா அத்தே" என்றான், தலையைத் தூக்கவில்லை. "அவ வர்ற வரைக்கும் சொல்லிடாதீங்க. நான் நல்லா நடக்கிறேன்னு தெரிஞ்சா அவ வரமாட்டா." எனக்கு அருவருப்பாக இருந்தது. ஒரு மாசமாக என் விரல் மரத்துப்போக நான் நீவியது நடக்கிறவன் காலை. நொண்டியாக நடித்துப் பெண்டாட்டியைக் கூப்பிடுகிற ஆம்பிளையை இன்றைக்குத்தான் பார்க்கிறேன், விடிந்ததும் கிளம்பு என்றேன். ஊன்றுகோலைக் கொண்டுபோய்ப் பாகற்கொடிக்கு நட்டுவிட்டேன்.

மறுநாள் முள்வேலிக் கேட் திறந்ததும் கிளம்பினான். காட்டிலிருக்கிற கம்யூனிஸ்ட்காரர்களுக்கு அரிசி கொண்டுபோகிறானா என்று அவன் மூட்டையைப் பிரித்துப் பார்த்தார்கள், அதே கேட்டில் கால் ஒடியும்வரை நம் மூட்டைகளைப் பிரித்தவன் தன் மூட்டையைத் தானே திரும்பக் கட்டிக்கொண்டான். காலையில் பேர் கூப்பிடுகிற பெரட்டுக்கு நான் நின்ற இடத்திலிருந்து பார்த்தேன். பஸ் ரோட்டுக்கு ஒரு மைல். குதிகாலை முதலில் ஊன்றி, பிறகு விரலை ஊன்றி, இழுப்பும் இல்லாமல் சாய்வும் இல்லாமல் நடந்தான். அந்த நடையில் ஒரு குறை சொல்ல முடியாது. ஒரு தடவை திரும்பிப் பார்த்தான், நான் கூப்பிடுவேன் என்று நினைத்திருப்பான். வாளியை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டேன்.

இனி அவன் அக்காள் வீட்டிலிருந்து எழுதுவான், இடுப்பு போய்விட்டது என்பான். நம்பாதே. லீவு வேண்டாம் என்று கடையில் சொல்லிவிடு. தீபாவளிக்கு எங்களைப் பார்க்க வரத் தோன்றினால் வா, அப்பா கேட்டுக்கொண்டே இருக்கிறார். அடையாளக் கார்டை மறந்துவிடாதே, அது இல்லாமல் கேட்டில் விடமாட்டார்கள். நோய்நொடி அண்டாமல், யாருக்கும் பயப்படாமல் நன்றாக இரு மகளே.

உன்னைப் பெற்றவள்,
வேலம்மா