புள்ளத்தாச்சி மோலி

என் அக்காவுக்கு,

அன்று டாக்டரம்மா கேட்டபோது நான் உன்னைப் பற்றிச் சொல்லவில்லை. “உங்க வீட்ல யாருக்காவது பிரசவத்துல ரத்தம் நிக்காமப் போயிருக்காம்மா?” என்றுதான் கேட்டார். பக்கத்தில் அத்தை, என் மாமியார், ஸ்கேன் கவரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இல்லை என்று தலையை மட்டும் அசைத்தேன்.

ஏன் என்று உனக்குத் தெரிய வழியில்லை. நீ போன பிறகுதான் எனக்கு வரன் பார்க்கத் தொடங்கினார்கள். பிரசவத்தில் பெண் செத்த வீட்டில் யார் பெண் எடுப்பார்கள் என்று அம்மா பயந்தாள். நீயும் உன் குழந்தையும் போனது சேலம் பக்கம், உன் புகுந்த ஊரில். அதனால் இங்கே ஒரத்தநாட்டில் உனக்கு வந்தது விஷக்காய்ச்சல் என்று சொல்ல முடிந்தது. அந்தக் காய்ச்சலை நம்பித்தான் என்னைக் கட்டினார்கள்.

இப்போது எனக்கு ஏழாம் மாதம். குழந்தை உதைத்தால் பயம், உதைக்காவிட்டால் அதைவிடப் பயம். புத்தகத்தை எடுத்தால் ஒரே பக்கத்தைத் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். உனக்கும் இப்படி இருந்ததா? யாரிடமாவது சொன்னாயா?

ஒரு செய்தி, கேட்டால் சிரிப்பாய். வீட்டில் மீன்தொட்டி இருக்கிறது. என் வீட்டுக்காரர் சிங்கப்பூர் திரும்பும் முன், எனக்குத் துணைக்கென்று பட்டுக்கோட்டையில் வாங்கி வைத்தார். கப்பி, பிளாட்டி, மோலி. “புதுசா வளக்கறவங்களுக்கு இதாங்க. எல்லாம் சாது. முட்டை கிட்டை கிடையாது, நேரா குட்டிதான்” என்றாராம் கடைக்காரர். கப்பி குட்டி போட்ட அன்று சாது மீன்கள் எல்லாம் கூடிக் குட்டிகளை விழுங்கின. பெற்ற கப்பியும் சேர்ந்துதான் விழுங்கியது. “நல்ல சாது போ” என்றார் அத்தை.

பிறகு கறுப்பு மோலியின் வயிறு பெருத்தது. அத்தைக்கு அன்றிலிருந்து அது மீன் இல்லை, புள்ளத்தாச்சி.

“தீனி ஒரு சிட்டிகை போட்டாப் போதும் அத்தை. பாக்கெட்லயே போட்டிருக்கு.”

“பாக்கெட்டா புள்ள பெத்துது? ரெண்டு உசுருக்குத் திங்க வேணாமா அது?”

எனக்குத் தெரியாமல் அவித்த முட்டையின் மஞ்சள் கருவை உதிர்த்து உதிர்த்துப் போட்டிருக்கிறார். ஒருநாள் பார்த்தால் தண்ணீர் அரிசி களைந்ததுபோல் வெளுத்திருந்தது. தின்னாத தீனி அழுகிப்போய், மோலி மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடியது. பிடித்து வைத்திருந்த போர் தண்ணீரை அத்தை கொண்டுவர, நான் பழையதை மொண்டு இறைத்தேன். மீனுக்கு ஒன்று ஆனால் எனக்கும் ஆகிவிடும் என்று நினைப்பது மடத்தனம். நினைத்தேன்.

அத்தை கண்ணாடியில் முகத்தை ஒட்டிக்கொண்டு பார்த்தார். “என்னமோ சொல்ல வருது பாரேன். நல்லதுக்குத்தானேடி போட்டேன்.”

“எங்கக்கா காய்ச்சல்ல சாகல அத்தை” என்றேன். “புள்ள பெத்து, ரத்தம் நிக்காமச் செத்தா.”

குடம் அவர் இடுப்பிலேயே இருந்தது.

“உங்கம்மா எங்கிட்டக் காய்ச்சல்னுல்ல சொன்னாங்க?”

“ஆமாங்கத்தை.”

“டாக்டரு கேட்டப்ப நான் பக்கத்துலதானே இருந்தேன்? எம்மூஞ்சப் பாத்தா செத்தாலும் பரவாயில்லன்னு தோணுச்சா உனக்கு?”

நீயாக இருந்தால் என்ன சொல்லியிருப்பாய்? அத்தை குடத்தை இறக்கி வைத்தார். “செருப்பப் போடு” என்றார்.

ஆஸ்பத்திரியில் உன் கதையை அவரே சொன்னார், நான் விட்ட இடங்களில் என்னைக் கேட்டுக் கேட்டு. பிரசவத்தை இங்கே வைத்துக்கொள்ள வேண்டாம், தஞ்சாவூரில், ரத்தம் தயாராக வைத்துக்கொண்டு பார்க்கலாம் என்றார் டாக்டரம்மா. பயம் போய்விட்டது என்று உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். அதற்கு இப்போது ஓர் ஊர்ப்பெயர் கிடைத்திருக்கிறது, அவ்வளவுதான்.

அக்கா, இனி யார் கேட்டாலும் நீ எப்படிப் போனாயோ அப்படியே சொல்வேன். பிறப்பது பெண்ணானால் அவளிடமும், அவளுக்குப் புரிகிற வயதில்.

ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த மறுநாள், நான் எழுவதற்குள் செத்த மோலியை அத்தை தொட்டியிலிருந்து எடுத்துவிட்டிருந்தார். அம்மாவின் போனை அவர் இன்றுவரை எடுக்கவில்லை.

உன் கூடப்பிறந்தவள்,
தங்கச்சி