பின்சக்கரத்துப் பிரேக்கும் நம் முதல் பேச்சும்

அன்பான மாமாவுக்கு,

ஜீப்பின் முன்சீட்டில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். வீட்டுக்குள் இடமில்லை. உங்கள் பேரன்கள் இரண்டு பேரும் பருத்திச் சாக்குகளின் மேல் ஏறிக் குதித்துக்கொண்டிருக்கிறார்கள். அத்தை விளக்குமாற்றோடு பின்னாலேயே ஓடிக்கொண்டிருக்கிறார்.

நம் சர்ச்சின் சபை மலரில் உங்களுக்கென்று ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கிறார்கள். எங்கே படித்தீர்கள், எத்தனை வருஷம் சபைப் பொறுப்பில் இருந்தீர்கள் என்பதையெல்லாம் உங்கள் மகன் எழுதித் தந்துவிட்டார். வாசித்துப் பார்த்தேன். யாரோ ஒரு பெரிய மனிதரைப் பற்றிப் படித்ததுபோல் இருந்தது. அதில் ஜீப் இல்லை, உங்கள் சிரிப்பும் இல்லை. அதனால் மீதி இடத்தை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். உங்களுக்குத்தான் எழுதுகிறேன், ஊரும் வாசித்துக்கொள்ளட்டும்.

எமர்ஜென்சி முடிந்த மறுவருஷம் நான் நாகலாபுரத்துக்கு வாழ வந்தேன். கழுகுமலையில் எங்கள் வீட்டில் பேச்சு ஓயாது. அப்பா பஸ் பட்டறையில் மெக்கானிக். மத்தியானம் சாப்பிட வரும்போது, அன்று பிரித்த கியர்பாக்ஸின் கதையைச் சொல்லிக்கொண்டேதான் கை கழுவுவார்.

உங்கள் வீடு வேறு மாதிரி இருந்தது. உங்கள் மகனுக்குத் தூத்துக்குடித் துறைமுகத்தில் வேலை. சனிக்கிழமை சாயங்காலம் வந்தால் திங்கள் காலையில் கிளம்பிவிடுவார். நீங்களோ என்னிடம் நேராக ஒரு வார்த்தை பேசியதில்லை. நான் எதிரில் நின்றாலும் அத்தையைப் பார்த்து, "அந்தப் பிள்ளை சாப்பிட்டாச்சான்னு கேளு" என்பீர்கள். அத்தை என் பக்கம் திரும்பி, "சாப்பிட்டியான்னு கேக்காவ" என்பார். நான் அத்தையிடம் சொல்ல, அத்தை உங்களிடம் சொல்வார். மூன்று பேரும் ஒரே அறையில்தான் இருப்போம்!

ஐந்து மாதம் இப்படியே போயிற்று. உங்களுக்கு என்னைப் பிடிக்கவில்லை என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். உங்களிடம் கடைசிவரை சொல்லாத ஒன்று உண்டு, மாமா. அந்த ஐப்பசியில் என் அப்பாவுக்குக் கடிதம் எழுதினேன். "வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போங்கள். இந்த வீட்டில் மூச்சு முட்டுகிறது" என்று. எழுதி, தபாலில் சேர்க்க மனம் வராமல், புடவைகளுக்கு அடியில் வைத்திருந்தேன்.

அதே வாரம்தான் முற்றம் பெருக்கும்போது ஒன்றைப் பார்த்தேன். ராணுவ ஏலத்தில் நீங்கள் எடுத்த இந்த ஜீப்பின் இடது பின்சக்கரத்தில், உள்பக்கமாக ஓர் ஈரக் கோடு இறங்கியிருந்தது. தொட்டு மோந்து பார்த்தேன். அப்பாவின் சட்டையில் வரும் வாசனை. பிரேக் ஆயில் ஒழுகுகிறது என்று அத்தையிடம் சொன்னேன். "அது மழைத் தண்ணின்னு சொல்லு" என்று பதில் வந்தது. இரண்டு நாளைக்கு ஒருமுறை நீங்கள் டின்னைச் சாய்த்து ஆயில் ஊற்றுவதை நான் பார்க்காமலா இருந்தேன்?

வியாழக்கிழமை கோவில்பட்டிக்குப் போய்த் திரும்பினோம். நீங்கள் ஓட்டினீர்கள், நானும் அத்தையும் பின்னால். எட்டயபுரம் தாண்டியதும் தூறல் பிடித்தது. சாலை நிறைய ஆடுகள் வந்தன. நீங்கள் பிரேக்கை மிதித்தீர்கள். பெடல் தரையைத் தொட்டது, வண்டி நிற்கவில்லை. கைப்பிரேக்கை இழுத்தும் பிரயோசனமில்லை. ஒரே வெட்டாக ஸ்டியரிங்கைத் திருப்பிப் பருத்திக் காட்டுக்குள் இறக்கினீர்கள். நனைந்திருந்த கரிசல் நான்கு சக்கரத்தையும் கவ்விப் பிடித்து நிறுத்தியது. ஓர் ஆட்டுக்கும் அடியில்லை. ஆட்டுக்காரர்தான் தலையில் கைவைத்துக்கொண்டு கத்தினார். "அண்ணாச்சி, வண்டில பிரேக்குன்னு ஒண்ணு உண்டா, இல்லையா?"

நீங்கள் வண்டியை மெல்லச் சாலைக்கு ஏற்றினீர்கள். முதல் கியரிலேயே ஊர்ந்து வீடு வந்து சேர்ந்தோம்.

வெள்ளிக்கிழமை முழுக்க மழை. சாலை களியாகி பஸ் நின்றுபோனது. ஞாயிற்றுக்கிழமை அசனம். சபை முழுக்கச் சேர்ந்து சாப்பிடும் அந்த விருந்துக்கு வேண்டிய அரிசியும் பெரிய அண்டாக்களும் கோவில்பட்டிக் கடையில் இருந்தன. சனிக்கிழமை எடுத்து வருகிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தவர் நீங்கள். அந்தக் களியில் போகக்கூடியது நான்கு சக்கரமும் இழுக்கிற உங்கள் ஜீப் ஒன்றுதான். மெக்கானிக் வர வழியில்லை.

சனிக்கிழமை விடிந்ததும் நீங்களே உட்கார்ந்துவிட்டீர்கள். ஏலத்தில் வண்டியோடு வந்த உதிரிப்பெட்டியில் ரப்பர் கப்புகளும் ஒரு ஜோடி பிரேக் கட்டைகளும் இருந்தன. சக்கரத்தைக் கழற்றி, டிரம்மைச் சுத்தியலால் தட்டித் தட்டி உருவியபோது உள்ளே எல்லாம் நனைந்து கிடந்தது. பிரேக் கட்டையில் ஒட்டியிருந்த லைனிங் ஆயிலைக் குடித்து ஊறிப்போயிருந்தது. கட்டைகளை விரித்துவிடும் சின்ன சிலிண்டருக்குள் ரப்பர் கப் கிழிந்திருந்தது.

சிலிண்டரைக் கழுவ நீங்கள் மண்ணெண்ணெயை எடுத்ததும் எனக்குப் பொறுக்கவில்லை.

"அத்தை, மண்ணெண்ணெய் பட்டா புது ரப்பரும் ஊதிப் போகும்னு சொல்லுங்க. பிரேக் ஆயில்லயே கழுவணும்."

அத்தை சொன்னார். நீங்கள் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் மண்ணெண்ணெய்க் கிண்ணத்தைத் தள்ளி வைத்துவிட்டு, துணியைப் பிரேக் ஆயிலில் நனைத்தீர்கள். எனக்கு அன்று முதல் சந்தோஷம் அதுதான்.

புதுக் கப், வேறு கட்டை எல்லாம் மாட்டியாயிற்று. இனி குழாய்க்குள் புகுந்த காற்றை எடுக்க வேண்டும். அதற்கு இரண்டு ஆள் வேண்டும். ஒருவர் பெடலை மிதித்துப் பிடித்திருக்க, இன்னொருவர் சக்கரத்துக்குப் பின்னால் இருக்கும் நிப்பிள் திருகைத் திறந்து காற்றை விட்டு மூட வேண்டும். மூடும்முன் பெடலை விட்டால் வெளியே போன காற்று திரும்ப உள்ளே வந்துவிடும்.

நான் பெடலில். நீங்கள் வண்டிக்கு அடியில். அத்தை நடுவில்.

"மிதிக்கச் சொல்லு."

"மிதிக்கணுமாம்."

"அப்படியே பிடிக்கச் சொல்லு."

"பிடிச்சுக்கிடணுமாம்... ஆங், விடணுமாம்!"

விட்டேன். அடியிலிருந்து உங்கள் சத்தம் வந்தது. "யாரு விடச் சொன்னது?"

"நீங்கதான சொன்னிய?" என்றார் அத்தை.

"நான் எங்க சொன்னேன்? இருமினேன்!"

மூன்று தடவை இப்படியே ஆயிற்று. இருந்தது ஒரே டின் ஆயில். அதில் பாதி கரிசலுக்குள் போய்விட்டது. அத்தை முந்தானையை உதறினார். "எனக்கு உலையில அரிசி கெடக்கு. ஒங்க மருமவ என்ன வாயில்லாதவளா? நீங்களே பேசிக்கிடுங்க." சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

எனக்கு உங்கள் கால்கள் மட்டும்தான் தெரிந்தன. கொஞ்ச நேரம் அவை அசையவே இல்லை. பிறகு, "ம்" என்றீர்கள். மிதித்தேன். மறுபடி "ம்" என்றீர்கள். பிடிக்கச் சொல்கிறீர்களா, விடச் சொல்கிறீர்களா? விட்டேன்.

"ஏட்டி! விடாத! நான் சொல்லுத வரைக்கும் விடாத!"

எனக்கும் கோபம் வந்துவிட்டது. "ம்முன்னா எனக்கு எப்படித் தெரியும் மாமா? மிதின்னு சொல்லுங்க, விடுன்னு சொல்லுங்க!"

கத்திய பிறகுதான் யாரிடம் கத்தினேன் என்பது உறைத்தது. இனி அந்தக் கடிதத்தைத் தபாலில் சேர்க்கவே வேண்டாம், நீங்களே என்னைக் கழுகுமலைக்கு அனுப்பிவிடுவீர்கள் என்று நினைத்தேன். அப்போது வண்டிக்கு அடியில் களுக்கென்று ஒரு சிரிப்பு. நீங்கள் சிரித்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. எதற்குச் சிரித்தீர்கள், மாமா? கேட்காமலே விட்டுவிட்டேன்.

அதன்பின் வேலை ஓடியது. "மிதி." "மிதிச்சிட்டேன்." "பிடி." "பிடிச்சிருக்கேன்." "விடு." முதலில் நுரை வந்தது, பிறகு குமிழி, பிறகு சுத்தமான ஆயில். டின்னில் இரண்டு விரல் உயரம் மிச்சம் இருக்கும்போது பெடல் மேலே ஏறி நின்றது.

"கல்லு மாதிரி நிக்குது மாமா!"

நீங்கள் வெளியே வந்தீர்கள். முகமெல்லாம் கறுப்பு. துணியில் கையைத் துடைத்துக்கொண்டே, "ஆயில் ஒழுகுதுன்னு நீ அன்னைக்கே சொன்ன. நான்தான் கேக்கல" என்றீர்கள். பிறகு, "ஏறு. பிரேக்கு பாத்தவ கூட வரணும்லா?" என்றீர்கள்.

கோவில்பட்டிக்குப் போகும் வழியெல்லாம் பேசினீர்கள். உங்கள் அப்பா சாகும்வரை அத்தையிடம் நேருக்கு நேர் பேசியதில்லை என்றீர்கள். "மருமகட்ட எப்படிப் பேசணும்னு நான் எங்க கண்டேன்? தெனமும் ஏதாவது பேசணும்னுதான் நெனைப்பேன். வாய்க்கு வராது."

"உங்களுக்கு என்னைப் பிடிக்கலைன்னு நெனச்சேன், மாமா."

நடுச்சாலையில் பிரேக்கை ஒரே மிதியாக மிதித்தீர்கள். ஜீப் நின்ற இடத்திலேயே நின்றது. "யாருக்கு? எனக்கா?" என்று என்னைப் பார்த்தீர்கள். எனக்கு அழுகை வந்தது. நீங்களோ, "பிரேக்கு நல்லாப் பிடிக்குது பாத்தியா?" என்று பேச்சை மாற்றிவிட்டீர்கள்.

பஸ் இல்லாமல் கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டில் தவித்துக்கொண்டிருந்த உங்கள் மகனையும் ஏற்றிக்கொண்டோம். அரிசி மூட்டைக்கும் அண்டாவுக்கும் நடுவில் அவர் உட்கார்ந்து, நாம் இருவரும் லைனிங்கைப் பற்றி வாதாடுவதை வாய் பிளந்து பார்த்துக்கொண்டு வந்தார். மறுநாள் பந்தியில் நீங்கள் போதகர் ஐயாவிடம், "அரிசி வந்து சேந்துச்சுன்னா அது எம் மருமக பிரேக்கு பாத்ததுனால" என்று சொன்னது என் காதில் விழுந்தது. திங்கட்கிழமை அந்தக் கடிதத்தை வெந்நீர் அடுப்பில் போட்டேன்.

பிறகு பத்து வருஷம் நீங்கள் பேச்சை நிறுத்தவே இல்லை. மழை, மிளகாய், ரேடியோச் செய்தி, எல்லாவற்றுக்கும் நான்தான் ஆள். போன பங்குனியில் நெஞ்சுவலி என்று படுத்த மூன்றே நாளில் போய்விட்டீர்கள். இன்னும் காலையில் காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா இருக்கிறேன். யார் முதலில் பேச்சைத் தொடங்குவது என்று தெரியவில்லை.

இப்போது புதுச் சேதி சொல்லட்டுமா? எனக்கு டிரைவிங் லைசென்ஸ் கிடைத்துவிட்டது! சோதிக்க வந்த அதிகாரி, "இந்த வண்டியவா ஓட்டப் போறீங்கம்மா?" என்று இரண்டு தடவை கேட்டார். மேட்டில் நிறுத்தி எடுக்கச் சொன்னார். ஓர் அங்குலம்கூடப் பின்னால் போகவில்லை. அத்தை முதல் சவாரிக்கு வந்தார். தெரு முனை வரை கண்ணை மூடி வேதாகமச் சங்கீதம் சொன்னார். திரும்பி வரும்போது, "இன்னும் கொஞ்சம் வேகமாப் போனா என்ன?" என்றார்.

அன்றுதான் எனக்கு ஒன்று தெரிந்தது. உப்புக்காற்று அடிக்கிற தூரத்தில் இத்தனை வருஷம் இருந்தும் அத்தை கடலைப் பார்த்ததே இல்லையாமே? உங்களுக்குத் தெரியுமா, மாமா? நீங்கள் கேட்டதே இல்லையா?

தை பிறந்து சாலை காய்ந்ததும், குளத்தூர் வழியாக, உப்பளங்களைத் தாண்டி அத்தையைக் கூட்டிக்கொண்டு போகிறேன். சாவியை உங்கள் மகனிடமும் கொடுக்கமாட்டேன். நானே ஓட்டிப்போய், அத்தையின் கால் கடல் தண்ணீரில் நனைகிறவரை நிறுத்தி வைத்திருந்து, பத்திரமாகத் திரும்பக் கொண்டுவந்து சேர்க்கிறேன். இது உங்களுக்கு நான் கொடுக்கும் வாக்கு.

என்றைக்கும் உங்கள் மருமகள்,
எஸ்தர்