நானே எழுதிய புகார்

ஞாயிறு, இரவு

ஜியோகேச்சிங் என்பது ஒருவர் ஒளித்து வைக்கும் பெட்டியை மற்றவர்கள் ஜிபிஎஸ் பார்த்துத் தேடும் விளையாட்டு. அதன் இணையதளத்தில் பெட்டிகளைச் சரிபார்க்கும் தன்னார்வலர் நான் என்பது எங்கள் லைன் வீடுகளில் யாருக்கும் தெரியாது. அங்கே எனக்கு வேறு பெயர்.

போன வாரம், ஊரிகம் ஸ்டேஷன் பின்னால் ஸ்டெல்லா அக்கா ஒளித்து வைத்த பெட்டியைப் பட்டியலிலிருந்து நீக்கினேன். தேடிப் போன மூன்று பேர், பெட்டி கிடைக்கவில்லை என்று எழுதியிருந்தார்கள். தளத்தில் நான் அனுப்பிய கேள்விக்கு ஒரு மாதமாக அக்காவிடமிருந்து பதில் இல்லை. பதில் வராவிட்டால் நீக்க வேண்டும், விதி அதுதான். ஆனால் அக்கா பக்கத்து வீடு. வீடு பூட்டியிருந்ததைத் தினமும் பார்த்தேன். போனில் கேட்டால் நான் யாரென்று தெரிந்துவிடுமே என்று கேட்கவில்லை. ஸ்டேஷன் பின்னால் போய்ப் பார்க்கவும் இல்லை.

இன்று கோயில் முடிந்து அக்கா வந்தாள்.

"எவனோ பெங்களூர்ல குந்திகினு என் டப்பாவ மூடிட்டான் பாரு. அம்மா ஆபரேஷனுக்கு நான் வேலூர்ல கெடந்தேன். டப்பா வெச்ச எடத்துலயேதான் கீது. இன்னா ரூல்ஸோ! நீதான் டிகிரி படிச்சவ, இங்கிலீஷ்ல நல்லா கேட்டு எழுதும்மா."

அப்போதே சொல்லியிருக்கலாம். அவள் போனை வாங்கி எழுதினேன். 'டியர் சார்' போடச் சொன்னாள், போட்டேன். அனுப்பியதும் என் பைக்குள் போன் அதிர்ந்தது.

பெட்டியைத் திரும்பப் பட்டியலில் சேர்த்துவிட்டேன். மன்னிப்புக் கேட்டு இன்னும் எழுதவில்லை. எழுதினால், அதைப் படித்துச் சொல்லச் சொல்லி அக்கா என்னிடம்தான் வருவாள்.